பெண் கிடைக்கவில்லை

ஜனவரி 19, திங்கள்

கொக்குமுனைத் தீவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. கரையிலிருந்து வள்ளத்தில் ஐம்பது நிமிடம். அதில் நாற்பத்தைந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை அலுவலகக் குறிப்பேட்டில் எழுத முடியாது. அதற்காகத்தான் இந்த இரண்டாவது நோட்டு.

வேலை எளிது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் என்னென்ன நாட்டுத் தேனீக்கள் இருக்கின்றன என்று யாரும் சரியாகப் பிரித்து எழுதவில்லை. இந்தத் தீவு என் பங்கு. இருபத்தொரு நாள். பிடிப்பது, ஊசியில் குத்திக் காயவைப்பது, சீட்டு எழுதுவது, இனம் பிரிப்பது. என் சீட்டெழுத்தை எங்கள் ஆய்வு நிறுவனத் தலைவி ஹெப்சிபா மேடமே மெச்சியிருக்கிறார். எறும்புக்குக் கண்ணாடி போட்டால் அதுவும் படிக்கும் என்பார்.

இங்கே என்னையும் சேர்த்து மூன்று பேர். நம்புவேல் தீவுக்குக் காவலர், வள்ளமும் அவருடையது. அவர் மனைவி பூமயில் இந்த இருபத்தொரு நாளுக்குச் சமையல். "டாக்டர் உமையாள் வருகிறார்" என்று மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். பூமயில் என் பெட்டியை இறக்கி வைத்த கையோடு முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டாள். நான் பூச்சி டாக்டர் என்றேன். "எந்த டாக்டரா இருந்தா என்ன, வலி ஒண்ணுதானே" என்றாள். தலைவலித் தைலம் கொடுத்தேன். அன்றிலிருந்து, அதாவது மதியத்திலிருந்து, நான் டாக்டரம்மா.

மதியம் இறால் வறுத்திருந்தாள். வாசனைக்கே நாக்கு ஊறிற்று. தொடவில்லை. டிசம்பரில் ஒரு விசேஷ வீட்டில் இறால் பிரியாணி ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி ஆஸ்பத்திரி வரை போனேன் என்று சொன்னேன். "ஆத்தாடி" என்று தட்டையே எடுத்துப் போய்விட்டாள். நான் ரசம் சாதம் சாப்பிட்டேன்.

அறை மூலையில் ஈர மணலுக்குள் ஒரு மண்பானை. நம்புவேலுக்குச் சர்க்கரை, அவருடைய ஊசி மருந்து அதில் குளிர்ச்சியாக இருக்கிறது. என் சின்ன எவர்சில்வர் டப்பாவையும் அதில் வைத்தேன். வைட்டமின் என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

தேனீ என்றால் எல்லோருக்கும் அடையும் தேனும்தான் ஞாபகம் வரும். இங்கே அடை கிடையாது. இந்தத் தீவுத் தேனீக்கள் தனிக்குடித்தனக்காரிகள். ஒவ்வொரு பெண்ணும் மண்ணிலோ காய்ந்த குச்சியிலோ தனக்கென்று ஒரு வளை செய்து, மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, இரவில் அதற்குள்ளேயே படுத்துக்கொள்ளும். ஆணுக்கு வீடு கிடையாது. பொழுது சாய்ந்ததும் ஒரு காய்ந்த தண்டைத் தேடி வந்து, வாயால் கடித்துப் பிடித்து, வரிசையாகத் தொங்கிக்கொண்டே தூங்கும்.

ஆணா பெண்ணா என்று பார்க்க உணர்கொம்பின் கணுக்களை எண்ண வேண்டும். ஆணுக்குப் பதின்மூன்று, பெண்ணுக்குப் பன்னிரண்டு. ஆணுக்குக் கொடுக்கு இல்லை. கொட்டாது.

ஆகவே மாலையில் போனால் வலையே வேண்டாம். தண்டிலிருந்து விரலால் பறிக்கலாம். இன்று ஒன்பது பறித்தேன். அதில் மூன்று எனக்குத் தெரியாத இனம். கறுப்பு உடல், துருப்பிடித்த நிறக் கால்கள், முகத்தில் வெள்ளை மயிர். என்னிடம் உள்ள எந்த அட்டவணையிலும் அடங்கவில்லை. பட்டியலில் ஏழாவது என்பதால் 'ஏழாம் எண்' என்று சீட்டு எழுதினேன். இலைவெட்டித் தேனீ வகையாக இருக்கலாம். ஆணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெண் வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

பகலில் வலை வீசவில்லை. காற்று.

மாலையில் ஏழாம் எண் ஐந்து. எல்லாம் ஆண்.

ஜனவரி 23, வெள்ளி

பூமயில் அறைக்குள் வந்தபோது நான் எலுமிச்சம்பழத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன டாக்டரம்மா, பழத்துக்குக் காச்சலா?"

பூச்சிக்குள் மருந்து ஏற்றும் பயிற்சி என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "கை ஆடுதே. இப்புடிப் புடிச்சா ஆடாது" என்று சொல்லி, வாங்கி, ஒரே குத்து. புருஷனுக்குத் தினமும் இரண்டு வேளை போடுகிறவள். என் பழம் நான்கு பக்கமும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதையே மதியம் ரசத்தில் பிழிந்துவிட்டாள். சிக்கனக்காரி.

ஜனவரி 24, சனி

காலை பத்து மணிக்குக் கொள்ளுக்காய் வேளைச் செடிகளில் பெண் தேனீக்கள் நிறைய. இலைவெட்டிகள், நீலப்பட்டைகள். வயிற்றடியில் மகரந்தம் மஞ்சளாக அப்பியிருந்தது. இருபதடி தள்ளி நின்று பார்த்தேன். அலுவலகக் குறிப்பேட்டில் "வலைக்கு எட்டவில்லை" என்று எழுதினேன். கொள்ளுக்காய் வேளை என் முழங்காலுக்கு மேல் வளராத செடி என்பது பிறகுதான் உறைத்தது. அதை அடித்து "காற்று" என்று மாற்றினேன்.

ஐந்து நாளில் மூன்று நாள் காற்று என்று எழுதியிருக்கிறேன். நம்புவேல் எட்டிப் பார்த்துவிட்டு, "வாடை இன்னும் ஏறவே இல்லையே மேடம், இது சும்மா எளங்காத்து" என்றார். அவரிடம் யார் கேட்டது?

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். நம்புவேல் குடிசை முன்னால் கொடி ஏற்றினார். மூவரும் தேசிய கீதம் பாடினோம், மூன்று சுருதியில்.

காலை இட்லிக்கு ஒரு துவையல். தேங்காயோடு ஏதோ வறுத்து அரைத்திருந்தாள், பருப்புப் பொடி போல ஒரு வாசனை. ஒரு வாரமாக ரசம் குடித்துக் கிடந்த நாக்கு. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான்காவது தடவை கேட்டபோது பூமயில் கரண்டியோடு அப்படியே நின்றாள். முகம் வெளுத்துப் போயிற்று. துவையல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கேட்டதற்கு "ஒண்ணுமில்ல, அடி புடிச்சிருச்சு" என்றாள். துவையல் எங்கே அடி பிடிக்கும்?

அதற்குப் பிறகு அரைமணிக்கொரு தரம் வந்து என் முகத்தையே பார்த்தாள். "மூச்சு நல்லா வருதா?" என்று கேட்டாள். சாயங்காலம் வரை இப்படி. பொழுது சாய்ந்ததும் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். எதையோ கணக்குப் போடுகிற பார்வை. பிடிக்கவில்லை.

ஏழாம் எண் இதுவரை பதினாறு. பெண் கிடைக்கவில்லை.

ஜனவரி 28, புதன்

ஹெப்சிபா மேடம் ஒரு நாள் பயணமாக வந்தார். அறுபது வயதில் வள்ளத்திலிருந்து இடுப்பளவு தண்ணீரில் குதித்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். நாசரேத்துக்காரர். வேட்டைக்காரி.

நான் பெட்டியைத் திறந்து வைத்தேன். ஐம்பத்திரண்டு தேனீக்கள், வரிசை பிசகாமல், என் சீட்டுகளோடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. நிமிரவே இல்லை. எனக்கு வேர்த்தது.

"ஏட்டி உமையா."

"சொல்லுங்க மேடம்."

"அம்பத்திரண்டும் ஆம்பிள. பெட்டியா இது, மாப்பிள்ளை வீட்டுக் கூட்டமா? பொண்ணு எங்கட்டி?"

"பெண் கிடைக்கல மேடம். சீசன் முடிஞ்சிருக்கலாம்."

"வர்ற வழியிலயே இருபது பொண்ணு பாத்துட்டு வாரேன்."

காற்று என்றேன். வலையில் கிழிசல் என்றேன். அவர் வலையை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். கிழிசல் இல்லை. மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்த அதே மாதிரி, வரிசை வரிசையாக.

"ஏழாம் எண் புதுசுதான்" என்றார் கடைசியில். "பேர் வைக்கப் போறவ நீதான். ஆனா ஆண வச்சு மட்டும் பேர் வச்சா பாதிக் கல்யாணம்தான். பொண்ணு வேணும். எதுவும் என்ட்ட சொல்லணுமா?"

இல்லை என்றேன்.

போகும்போது வள்ளத்தடியில் பூமயிலிடம் வெகுநேரம் பேசினார். காய்கறி வாங்குவது பற்றியாம். அரை மணி நேரம் பேச இந்தத் தீவில் அப்படி என்ன காய்கறி?

ஜனவரி 29, வியாழன்

தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலும் பொய் எழுதினால் பிறகு எனக்கென்று ஒரு இடமும் இல்லை.

இறால் இல்லை. எனக்கு இறால் உயிர். டிசம்பரில் நிறுவனத் தோட்டத்தில் பூசணிப் பூவுக்குள் இருந்த தேனீ ஒன்று கழுத்தில் கொட்டியது. பதினோரு வருட வேலையில் ஐம்பது கொட்டாவது வாங்கியிருப்பேன். வீங்கும், அரிக்கும், வடியும். இந்தத் தடவை உள்ளங்கை அரித்தது. காது கொதித்தது. தொண்டை உள்ளுக்குள் இறுகியது. ஆட்டோவில் ஏறியது தெரியும், இறங்கியது தெரியாது. கண் விழித்தபோது டாக்டர் பையன், என்னைவிடச் சின்னவன், "எந்தத் தேனீயானாலும் இனி பக்கத்துல போகாதீங்க மேடம். அடுத்த தடவை இதைவிட வேகமா வரும். ஆஸ்பத்திரி வர டைம் இருக்காது" என்றான். தொடையில் போட்டுக்கொள்ள இரண்டு மருந்துக் குப்பியும் ஊசிகளும் எழுதிக் கொடுத்தான். எவர்சில்வர் டப்பாவில் இருப்பவை அவைதான்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டான். ஆசிரியை என்றேன்.

மார்ச்சில் நிரந்தரப் பணிக்கு நேர்காணல். விண்ணப்பத்தில் "களப்பணிக்கு உடல் தகுதி உண்டா" என்று ஒரு கட்டம். பதினோரு வருடமும் தற்காலிகம், தற்காலிகம் என்று ஓடிவிட்டது. தேனீயைத் தொட முடியாத தேனீக்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் இறால்.

பயமாக இருக்கிறது. காலையில் எழும்போதே பயம். வேட்டியைக் கொடியில் போட்டு நம்புவேல் உதறினால் அந்தச் சத்தத்துக்குத் தோள் தூக்கிப் போடுகிறது. ஈ பறந்தாலும் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன். பகலில் பூக்கள் பக்கம் போக முடியவில்லை, கால் வரமாட்டேன் என்கிறது. சாயங்காலம் தண்டில் தூங்கும் ஆண்கள் மட்டும்தான் எனக்குப் பயமில்லாத தேனீக்கள். அதைத்தான் என் பெட்டி மேடத்திடம் போட்டுக் கொடுத்துவிட்டது.

ஜனவரி 30, வெள்ளி

இன்று ஒரு குப்பி உடைந்துவிட்டது. அதன் கழுத்தை எப்படிப் பிடித்து ஒடிப்பது என்று பார்க்க எடுத்தேன். கைநழுவி, சிமெண்ட் தரையில் விழுந்து, போயிற்று. இனி ஒன்றுதான். கரைக்கு ஐம்பது நிமிடம். ஒரு குப்பி பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும் என்றான் டாக்டர் பையன். போதவில்லை என்றால் அடுத்தது. மீதி நேரத்துக்கு என்ன செய்வது?

பூமயில் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி, தாளில் மடித்து எடுத்துப் போனாள். "வைட்டமினுக்கா இப்புடி அழுகுறீக?" என்றாள். அழுகிறேன் என்பதே அவள் சொல்லித்தான் தெரிந்தது.

ஜனவரி 31, சனி

நம்புவேல் தண்ணீர் கேன் எடுக்கக் கரைக்குப் போய் மதியம் திரும்பினார். வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் வள்ளத்தடியில் நின்று நெடுநேரம் பேசினார்கள். நான் போனதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நம்புவேல் என்னைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு, "நாளையிலிருந்து வாடை ஏறும் மேடம். வள்ளத்தை மேல இழுக்காம தண்ணியிலயே கட்டிப் போடுறேன்" என்றார். வாடை ஏறினால் எல்லோரும் வள்ளத்தை மேலே அல்லவா இழுப்பார்கள்?

இதற்கு முன்பு, காலையில், ஒரு காரியம் செய்து பார்த்தேன். முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்கு வலைத்துணி. இந்த வெயிலில் சூட்கேஸ் மாதிரி என்னை மூடிக்கொண்டு கொள்ளுக்காய் வேளைச் செடிகள் அருகே போனேன். பத்தடி. எட்டடி. ஒரு இலைவெட்டி என் முகத்துணி மேல் வந்து உட்கார்ந்தது. கண்ணுக்கு ஓர் அங்குலம் முன்னால் அதன் வயிறு மேலும் கீழும் போய்வந்தது. கையில் வலை இருக்கிறது. கை இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அது பறந்த பிறகுதான் மூச்சு விட்டேன், அடுத்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்தேன். தாழம்புதர் கிழித்து முழங்கையில் ரத்தம்.

திரும்பிப் பார்த்தால் பூமயில் நிற்கிறாள். சுள்ளி பொறுக்க வந்தாளாம். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகி, மடியில் ஏதோ கனமாக.

"எதுனாலும் சொல்லுங்க டாக்டரம்மா. நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்."

"ஒன்றுமில்லை பூமயில். வெயில்."

"ம்" என்றாள். சுள்ளி ஒன்றுகூடப் பொறுக்காமல் என் பின்னாலேயே நடந்து வந்தாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். வாடை நிஜமாகவே ஏறிவிட்டது. கடல் காலையிலிருந்து நுரைத்துக்கொண்டிருக்கிறது. கரையில் எந்த வள்ளமும் இறங்கவில்லை என்கிறார் நம்புவேல்.

முடிவு செய்துவிட்டேன். பெண்ணைத் தேட மாட்டேன். ஆண்களை வைத்து எழுதுகிறேன். பாதிக் கல்யாணம் என்றால் பாதிக் கல்யாணம். இன்னும் ஏழு நாள், மாலை மாலை தண்டுக்குப் போய் வந்தால் போதும், உயிரோடு வீட்டுக்குப் போய்விடலாம். அப்பா தேவகோட்டையிலிருந்து போன் செய்தார், பனைமரத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டார். ரசம் என்றேன். உனக்கு ரசமே பிடிக்காதே என்றார்.

ஐந்தே முக்கால். தண்டுக்குப் போகிறேன். அங்கே மட்டும் பயமில்லை.

பிப்ரவரி 4, புதன்

ஆஸ்பத்திரி. எழுத விடுகிறார்கள். எழுத்து கோணல், மன்னிக்கவும், யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

தண்டில் பதினொரு தேனீக்கள் தொங்கின. வெளிச்சம் மங்கல். மேலிருந்து பறிக்க ஆரம்பித்தேன். நான்காவதாகத் தொங்கியது ஏழாம் எண். துருநிறக் கால். மற்றவற்றைவிடச் சற்றுப் பருமன் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, எண்ணிப் பார்க்கவில்லை. தண்டில் தூங்குவது ஆண். இருபது வயதில் படித்தது. விரலால் பறித்தேன்.

கொட்டியது.

முதல் நொடியில் எனக்கு வந்தது பயம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். கொட்டினால் பெண். அதுதான் முதலில் வந்தது. இரண்டு வாரமாகக் கிடைக்காத பெண், என் விரலில் கொடுக்கோடு. கையை உதறத்தானே வேண்டும்? நான் மூடிக்கொண்டேன். இறுக்கி.

இரண்டாவது நொடியில் பயம் வந்தது. மொத்தமாக வந்தது.

குடிசைக்கு இருநூறு அடி. ஐம்பதடி போவதற்குள் உள்ளங்கை எல்லாம் அரிப்பு, காதில் கொதிப்பு. கத்த வாயைத் திறந்தேன். தொண்டையில் யாரோ துணியை அடைத்த மாதிரி. அவர்கள் இறால் என்றுதான் நினைப்பார்கள் என்று தெரிந்தது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள், மோர் கொடுப்பார்கள், டப்பாவைத் திறக்கவே மாட்டார்கள். நானே சொல்லி வைத்த பொய். அதைத் திருத்தச் சொல்ல எனக்கு இனிக் குரல் இல்லை. மணலில் முழங்கால் குத்தி விழுந்தேன். சாகப் போகிறேன், இறால்கூடச் சாப்பிடாமல் சாகப் போகிறேன் என்று நினைத்தேன். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது அழுதேன்.

பூமயில் முகம் மேலே தெரிந்தது. மடியிலிருந்து என் எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். குப்பியின் கழுத்தை முந்தானையால் சுற்றி ஒடித்தாள். கை ஆடவே இல்லை. சுடிதாரோடு சேர்த்துத் தொடையில் ஒரே குத்து.

மீதியை அவள்தான் சொன்னாள். இன்று காலை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே.

"அன்னைக்குத் தொவையல்ல சென்னாக்கூனி அரச்சுப் போட்டேன் டாக்டரம்மா. மறந்துட்டேன். அதும் இறால் சாதிதானே? நீங்க மூணு தடவ வாங்குனதும் எனக்கு உசுரே போச்சு. கொன்னுட்டோமேன்னு பொழுதுக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆகலன்னதும், சரி, இந்தப் பொம்பள இறால்னு பொய் சொல்லுதுன்னு வெளங்கிருச்சு."

இரண்டு நாள் கழித்து மேடம் வள்ளத்தடியில் அவளிடம் சொன்னாராம்: "அவ பெட்டில கொட்டுறது ஒண்ணுகூட இல்ல. எதுக்கோ பயப்படுதா. கண்ண எடுக்காதீங்க." அப்புறம் உடைந்த குப்பி. துண்டில் ஒட்டியிருந்த பெயரை நம்புவேல் தனக்கு மருந்து வாங்கும் கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர், இது உயிர் போகிற நேரத்தில் போடுவது, யாருக்கு என்று கேட்டிருக்கிறார். இன்னும் மூன்று குப்பி கொடுத்து, எப்படிப் போடுவது, எத்தனை நிமிடம் பொறுத்து அடுத்தது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். குப்பி உடைந்த அன்றிலிருந்தே டப்பா பானையில் இல்லை, பூமயில் மடியில். இரண்டு நாளும் நான் வெறும் பானையை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாடைக்கு எதிரே வள்ளம் ஒரு மணி இருபது நிமிடம் எடுத்ததாம். நடுக்கடலில் இரண்டாவது ஊசி. அலை வள்ளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தபோது போட்டிருக்கிறாள். "எங்க வீட்டுக்காரர் அழுதுக்கிட்டே எஞ்சின் ஓட்டுனாரு. நம்புநாயகி ஆத்தாளுக்கு ஒரு கெடா நேந்திருக்கு. உங்க பேர்லதான் நேந்திருக்கோம்."

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்றேன்.

"கேட்டேனே. வெயில்னீக."

பிப்ரவரி 5, வியாழன்

மேடம் வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வேலை போயிரும்னுதானே பொய் சொன்ன?"

"ஆமாம் மேடம்."

"போனாலும் போகும். நேர்காணல்ல நான் பக்கத்துல உக்காந்து எதையும் மறைக்க மாட்டேன். அந்தக் கட்டத்துல இல்லைன்னு நீயே எழுது. பத்துப் பேர் பிடிச்சுட்டு வந்த பூச்சி பெட்டி பெட்டியாக் கெடக்கு, பிரிச்சுப் பாக்கத்தான் ஆள் இல்ல. அதையும் சொல்லுவேன். எடுத்துக்கிடுறதும் எடுத்துக்கிடாததும் அவுங்க இஷ்டம்." என் பக்கம் திரும்பினார். "உன் மேல கோவம் எனக்கு இப்பத் தீராதுட்டி. நீ செத்திருந்தா உங்கப்பாட்ட நான் இறால்னு சொல்லிருப்பேன், தெரியுமா?"

படிவத்தை அவர் பையிலேயே வைத்திருந்தார். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். என் நல்ல எழுத்தில்.

பிப்ரவரி 6, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பும் முன் பூமயில் ஒரு சுண்ணாம்பு டப்பியைக் கையில் கொடுத்தாள். "உங்க கைய விரிக்க நாங்க பட்ட பாடு. நர்சம்மா வந்தாலும் விடமாட்டீக போலன்னு வள்ளத்துலயே விரலு விரலாப் பிரிச்சோம். அவரு அதத் தூக்கிப் போடத்தான் இருந்தாரு. நான்தான், இது அந்தம்மா தேடுன பொண்ணா இருக்கும்னு எடுத்து வச்சேன்."

டப்பியைத் திறக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. செத்தது என்று தெரியும். தெரிந்தும் இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். கடைசியில் அவள்தான் திறந்தாள்.

கைக்கண்ணாடியை வைத்து எண்ணினேன். பன்னிரண்டு கணு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. திருப்பி வயிற்றடியைப் பார்த்தேன். மகரந்தம் அள்ளும் மயிர் இருக்க வேண்டிய இடம் மொட்டை. வழவழவென்று. அப்போதுதான் புரிந்தது. இவள் வளை தோண்டுகிறவள் இல்லை. அடுத்தவள் கட்டிய வளைக்குள் நுழைந்து முட்டையிட்டுவிட்டு வருகிறவள். மகரந்தம் சேர்க்க மாட்டாள், தனக்கென்று வீடு கிடையாது. பொழுது சாய்ந்தால் ஆண்களோடு சேர்ந்து தண்டில்தான் தொங்க வேண்டும். இப்படித் திருடிப் பிழைக்கும் தேனீக்கள் உண்டு என்று நானே இரண்டு வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். தண்டில் தூங்குவது ஆண் என்று எழுதி வைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் பயமில்லாத இடம் என்று நம்பினேன். மகரந்தம் சுமக்கும் பெண்களுக்குள் தேடியிருந்தால் இவள் ஆயுளுக்கும் கிடைத்திருக்க மாட்டாள்.

பூமயிலிடம் காட்டினேன். "இத்தன நாளும் அங்கயேவா இருந்தா?" என்றாள்.

மதியம் சாப்பாட்டுக்குக் கரையில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இறால் வறுவல். ஒரு தட்டு முழுக்க என் முன்னால் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டேன்.

பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தேன். வாசல் பக்கம் ஏதோ ரீங்காரம் கேட்டது, தோள் தூக்கிப் போட்டது. நம்புவேல் எழுந்து கதவைச் சாத்தினார். இந்தப் பயம் போகாது போலிருக்கிறது. எழுத்து மட்டும் நேராக வந்தது. வழக்கமாக எந்தப் பூவின் மேல் பிடித்தது என்று எழுதும் இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

ஏழாம் எண். பெண்.
கொக்குமுனைத் தீவு. பிப்ரவரி 1, மாலை 6.
வலது சிறகில் சுண்ணாம்பு.
எதன் மேல்: உமையாள், மூடிய கை.
பிடித்தவர்: பூமயில்.